அஞ்சலையின் முழங்காலில் குச்சி இல்லை

அடுப்படி வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள் அஞ்சலை. என் மனைவி. கைலியை முட்டிக்கு மேலே சுருட்டி வைத்திருக்கிறாள். வலது முழங்கால் பப்பாளிப் பழம் அளவுக்கு வீங்கி, பளபளவென்று சிவந்து கிடக்கிறது. விடிய விடியப் பெய்த மழை விட்டு, மூட்டம் எங்கள் லைன் வீடுகளின் கூரை வரைக்கும் இறங்கியிருக்கிறது.

அடுப்பு பற்றவைக்கவில்லை. காஸ் தீர்ந்து இரண்டு நாளாயிற்று. கீழே ரோட்டில் மண் சரிந்து கிடந்ததால் காஸ் லோரி மேலே வரவில்லை. பக்கத்து வீட்டில் இருந்த நேபாளத்துத் தம்பி திலக், ரைஸ் குக்கரில் சுடவைத்துக் கொடுத்த தண்ணீரில்தான் அன்றைக்கு எங்களுக்குத் தேத்தண்ணி. அவன் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இயந்திரம் பிடித்துக் கொழுந்து வெட்டுகிறவன்.

நான் குனிந்து, கட்டைவிரலால் முட்டியை ஓர் அழுத்து அழுத்தினேன். தோல் சுட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"கவ்வாத்துக் குச்சிதான். உள்ள ஒடைஞ்சு நிக்குது. சீ கட்டிருச்சு" என்றேன்.

"எங்க குத்துச்சுங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"குத்துறப்ப யாருக்குத் தெரியும்? மரத்துப்போன காலுதானே நமக்கெல்லாம்."

ஏழெட்டு வருஷம் இருக்கும் இது நடந்து. இத்தனை வாரமாக இந்தத் தொடரில் துரைமாரைப் பற்றியும், கணக்கெழுதுகிற கிராணிமாரைப் பற்றியும், யாரோ யாரையோ ஏமாற்றியதைப் பற்றியும் வாய் ஓயாமல் அளந்துவிட்டேன். அடுத்தவன் கதை என்றால் பேனா தானாக ஓடுகிறது. இந்த வாரம் என் வீட்டு வாசல்படியைத் தாண்டிப் போவதாக இல்லை. அதனால் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும்.

கைராசி

தேயிலைச் செடியை மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்ட வேண்டும். இடுப்பளவு நிற்கிற செடியை முழங்கால் உயரத்துக்குக் கொண்டுவந்துவிடுவோம். நான் அந்த வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன். சாய்த்து வெட்டிய கிளை ஒவ்வொன்றும் சீவின பென்சில் மாதிரி நிற்கும். அந்த மலையில் விறகு பொறுக்கப் போனாலும் சரி, குறுக்கு வழியில் இறங்கினாலும் சரி, காலில் ஒரு குத்து வாங்காமல் வரமுடியாது. சில குச்சி தோலோடு போகும். சிலது உள்ளே ஒடிந்து நின்றுவிடும். நாலு நாளில் சிவந்து, சுட்டு, சீழ் கட்டும்.

அதனால் எங்கள் லைனில் ஒரு பழக்கம். முட்டியோ கணுக்காலோ வீங்கினால் யாரும் வேறு எதையும் யோசிக்கமாட்டார்கள். குச்சி, அவ்வளவுதான். குச்சி என்றால் நான்.

தோட்டத்து மருந்துச்சாலையில் காயத்துக்கு மருந்து கட்டுகிற டிரெஸ்ஸர் இருந்த காலத்திலேயே அவரைத் தாண்டிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. கட்டைவிரலை வைத்தால் போதும், உள்ளே எது எங்கே நிற்கிறது, எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரிந்துவிடும். சவர பிளேடை இரண்டாக ஒடித்து, அடுப்பு நெருப்பில் நீலம் பாரிக்கும் வரைக்கும் காட்டி, ஆறவிட்டு, ஒரு கீறல். இடுக்கியால் ஒரே இழுப்பு. பிறகு மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து வைத்துக் கட்டு. நூறு பேருக்கு மேல் எடுத்திருப்பேன். ஒன்றுகூடக் கெட்டுப்போனதில்லை. நெருப்பில் காட்டாமல் ஒருநாளும் பிளேடை யார் காலிலும் வைத்ததில்லை.

எங்கள் கோயில் தலைவர் ஒருமுறை கோப்பிக்கடையில் எல்லார் முன்னாலும் சொன்னார். "ஆயிரம் பேரைக் கொன்னாத்தான் அரை வைத்தியன்னு சொல்லுவாங்க. நம்ம மணி ஒருத்தரையும் கொல்லாமலே முழு வைத்தியன் ஆயிட்டான்லா."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

குளிர்தான் என்று சொன்னோம்

அந்த முட்டி வீங்குவதற்கு முன்னால், ஒரு வருஷமாகவே அஞ்சலைக்குக் காலையில் விரல் மடங்காது. எழுந்ததும் இரண்டு கையையும் கக்கத்தில் சொருகிக்கொண்டு கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருப்பாள். துணியைப் பிழிய முடியாமல் பாதித் தண்ணீரோடு கொடியில் போடுவாள். சீனிப் போத்தல் மூடியைத் திறக்கச் சொல்லி என்னிடம் நீட்டுவாள். ஒன்பது பத்து மணிக்கு வெயில் ஏறினால் சரியாகிவிடும். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி வேலை செய்வாள்.

"கெழவியாயிட்டே" என்பேன்.

"குளிருதாங்க. இந்த மலையில யாருக்குத்தான் காலையில வெரலு மடங்குது?" என்பாள் அவளே.

லைனில் இருந்த பெண்களும் அதையேதான் சொன்னார்கள். ஆளுக்கு ஒரு தைலம் கொடுத்தார்கள். கம்பளிக் கையுறை ஒன்று பிரிஞ்சாங் பசார் மாலாமில், அந்த ராத்திரிச் சந்தையில், வாங்கிக் கொடுத்தேன். என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

அதே குளிரில் அதே கை முப்பது வருஷமாக விடிகாலையில் துணி பிழிந்ததே, இப்போது மட்டும் ஏன் முடியவில்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஊரை விடுங்கள். கூடப் படுத்து எழுகிறவன் நான் கேட்டிருக்க வேண்டும். ஊரார் காலில் நெல்லளவு குச்சியைக் கண்டுபிடித்தவனுக்கு, பக்கத்தில் கிடந்த கை தெரியவில்லை.

மோட்டார்க்காரி

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் லைனில் முதன்முதலில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய பெண் அஞ்சலை.

கொழுந்து வேலையை விட்ட பிறகு, வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் கீரையும் சௌசௌவும் போட்டோம். அதைக் கூடையில் கட்டி, மோட்டாரின் பின்னால் ஏற்றி, கியா பார்மில் ரோட்டோரக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை அந்த ரோட்டை உங்களுக்குத் தெரியும். கீழேயிருந்து சுற்றுலா வந்த கார்கள் அசையாமல் நிற்கும், உள்ளே இருப்பவர்கள் ஸ்ட்ராபெரி தின்றுகொண்டிருப்பார்கள். அவள் அதன் நடுவில் வளைந்து நெளிந்து போய்ச் சரக்கை இறக்கிவிட்டு, அவர்கள் அடுத்த கடையைத் தாண்டுவதற்குள் திரும்பி வந்துவிடுவாள். வரும்போது முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். சம்பாத்தியத்துக்கான சிரிப்பு இல்லை அது. வண்டி ஓட்டினதுக்கான சிரிப்பு.

எனக்கு மோட்டார் ஓட்டத் தெரியாது. ஒரே ஒரு முறை எடுத்துக்கொண்டு போய், கோலா தெர்லா வளைவில் கால்வாய்க்குள் இறக்கிவிட்டேன். முட்டைக்கோஸ் லோரியில் போனவர்கள் எல்லாம் பார்த்துச் சிரித்தார்கள். அதோடு சரி, தொட்டதில்லை. டவுனுக்குப் போக வேண்டுமென்றால் சாமான் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் உட்கார்ந்துதான் போவேன்.

அதில் எனக்கு வெட்கம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய். அந்த வெட்கத்துக்கும் அந்தக் காலையில் நடந்ததுக்கும் சம்பந்தம் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்.

அந்தக் காலை

"மோட்டார் போகுமாங்க" என்றாள் அஞ்சலை, வாசல்படியில் உட்கார்ந்தபடியே. "மண்ணு சரிஞ்ச எடத்துல ஓரமா வழி விட்ருக்காங்களாம். திலக் சொன்னான். அவனை ஓட்டச் சொல்லுங்க, நான் பின்னால உக்காந்துக்கிறேன். ஆஸ்பத்திரில காட்டிட்டு வந்துரலாம்."

என் பெண்டாட்டியை என் வீட்டு மோட்டாரில் இன்னொருத்தன் வைத்து ஓட்டிக்கொண்டு போக, நான் வாசலில் நின்று பார்க்க வேண்டும். அது ஒன்று. ஊரே என்னிடம் வருகிற ஒரு காரியத்துக்கு நான் டாக்டரிடம் அனுப்பினேன் என்று நாலு பேர் பேசுவார்கள். அது இன்னொன்று.

"ஒரு குச்சிக்கு எதுக்கு ஆஸ்பத்திரி? ஊரு சனமெல்லாம் எங்கிட்ட வருது. எம் பொண்டாட்டி அங்க போயி வரிசையில நிக்கணுமா?"

"அதுக்கில்லீங்க. இது குச்சி மாதிரி இல்ல. ஒரு எடத்துல வலிக்கல. முட்டி முழுக்க உள்ளேருந்து எரியுது."

சொன்னாள். சொல்லவில்லை என்று சொல்ல முடியாது. அதுதான் நோய். அவள் அதை அவ்வளவு சரியாகச் சொன்னாள்.

"எனக்குத் தெரியாதா?" என்றேன் நான்.

வழக்கம்போல பிளேடை நெருப்பில் காட்டி, ஆறவிட்டு, முட்டியின் உள்பக்கத்தில் சிவப்பு அதிகமாக இருந்த இடத்தில் கீறினேன். குச்சி வரவில்லை. சீழும் வரவில்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இன்னும் ஆழமாகப் போனேன். அப்போது தண்ணீர் வந்தது. மங்கலான மஞ்சளாக, பிசுபிசுவென்று, நான் எந்தக் காலிலும் பார்த்திராத தண்ணீர். தரையில் விரித்திருந்த பழைய துணி நனைந்தது.

"பாத்தியா, கெட்ட நீரு" என்றேன்.

இடுக்கியை உள்ளே விட்டுத் துழாவினேன். அஞ்சலை என் தோளைப் பிடித்திருந்தாள். கத்தவில்லை. "இருக்கா? இருக்கா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். இல்லாத குச்சியை நான் எவ்வளவு நேரம் தேடினேன் என்று எனக்குத் தெரியவில்லை.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டினேன். சாயந்திரம் வலி குறைந்திருக்கிறது என்றாள். உள்ளே இருந்த நீர் இறங்கியதால் இறுக்கம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அது அப்போது எனக்குத் தெரியாது. கைராசி என்று நினைத்துக்கொண்டு வெற்றிலை போட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் அவளுக்குக் குளிர்சுரம் தூக்கிப் போட்டது. பல்லோடு பல் அடித்தது. கட்டை அவிழ்த்தால் தொடை வரைக்கும் சிவப்பு ஏறியிருந்தது. இப்போது சீழ் இருந்தது. நாற்றமும் இருந்தது. சுடுதண்ணீர் கொண்டுவந்த திலக் வாசலில் நின்று ஒரு நிமிஷம் பார்த்தான். தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு ஆபீஸுக்கு ஓடி, தோட்டத்து ஜீப்போடு வந்தான்.

சியாப்பா போத்தோங்

மலையில் இருக்கிற ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, உடனே கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே எலும்பு டாக்டர் ஒரு மலாய்க்கார அம்மா. கட்டை அவிழ்த்துப் பார்த்தார். கையுறை போட்ட விரலால் நான் கீறிய இடத்தின் ஓரத்தைத் தொட்டார்.

"சியாப்பா போத்தோங்?" என்று கேட்டார். யார் வெட்டியது?

அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். எனக்கு மலாய் நன்றாக வரும். வாய் இருந்தது, வார்த்தையும் இருந்தது. நான் அஞ்சலையின் செருப்பு இருந்த பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சாயா செண்டிரி" என்றாள் அஞ்சலை, படுக்கையிலிருந்து. நானேதான்.

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். தன் முட்டியின் உள்பக்கத்தை அவ்வளவு நேராக யாரால் வெட்டிக்கொள்ள முடியும்? ஏன் வெட்டினாய் என்று கேட்டார்.

"குச்சி குத்திருச்சின்னு நெனச்சேன்" என்றாள்.

அது நான் சொன்ன வார்த்தை. காய்ச்சலில் கொதித்துக்கொண்டு, என் வார்த்தையை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர் எழுதிக்கொண்டார். நான் செருப்புப் பையைக் கை மாற்றிக்கொண்டேன்.

இரண்டு முட்டிகள்

ஆபரேஷன் தியேட்டருக்கு இரண்டு தடவை கொண்டுபோய் முட்டியைத் திறந்து கழுவினார்கள். காலை எடுக்க வேண்டி வரலாம் என்று ஒரு தாளில் அவளிடம் கையெழுத்து வாங்கினார்கள். விரல் மடங்காததால் அவளால் பேனாவைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. தமிழ் பேசுகிற தாதி ஒருத்தி அதைக் கவனித்தாள். எங்களை எல்லாம் விட அவளுக்குத்தான் முதலில் கண்ணில் பட்டது.

"காலையில இப்படி இருக்காம்மா? எவ்வளவு நாளா?" என்று கேட்டாள்.

"குளிருதான் மிஸ்ஸி" என்றாள் அஞ்சலை.

"இங்க குளிரு இல்லையேம்மா" என்றாள் தாதி.

அதற்கு இரண்டு நாள் கழித்து, அஞ்சலையின் இடது முட்டி வீங்கியது. அதே சிவப்பு. அதே சூடு. பார்ப்பதற்கு அச்சு அசல் வலது முட்டி முதல் நாள் இருந்த மாதிரியே. அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிறாள். கவ்வாத்து மலை இல்லை. குச்சி இல்லை. அந்த முட்டியில் என் கையும் இல்லை. டாக்டர் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

அவர்கள் கத்தியை எடுக்கவில்லை. தோலைத் துடைத்து, ஊசியால் கொஞ்சம் நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மங்கலான மஞ்சள் நீர். நான் பார்த்திருந்த அதே நீர். அதில் ஒரு கிருமியும் வளரவில்லை. வலது முட்டியின் நீரில் வளர்ந்தது.

தாதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அஞ்சலைக்கு விளக்கினாள். இது முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே மூட்டை எதிரி என்று நினைத்து அடிக்கிறது. அதில் கிருமி கிடையாது. ஆனால் வீங்கும், சிவக்கும், சுடும், சிலருக்குக் காய்ச்சல்கூட வரும். சீழ் பிடித்த மூட்டுக்கும் இதற்கும் கண்ணால் வித்தியாசம் சொல்ல முடியாது.

"டாக்டருங்களே பாத்து மட்டும் சொல்லமாட்டாங்கம்மா. அதனாலதான் மொதல்ல ஊசியில தண்ணி எடுத்துப் பாக்குறது. வலது முட்டில அப்ப கிருமி இருந்திருக்காதுன்னுதான் டாக்டர் சொல்றாங்க. வெட்டின வழியா உள்ள போயிருக்கு. இனிமே நீங்களா கை வைக்காதீங்க, என்ன?"

திட்டவில்லை. அன்பாகத்தான் சொன்னாள். அஞ்சலை தலையை ஆட்டினாள். "தெரியாம செஞ்சுட்டேன் மிஸ்ஸி" என்றாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதோடு முடிந்திருந்தால்கூட மனதைத் தேற்றியிருப்பேன். முடக்குவாதத்துக்கு நல்ல மருந்து இருக்கிறது. சீக்கிரம் ஆரம்பித்தால் விரல்கள் கோணாமல் காப்பாற்றிவிடலாம் என்றார்கள். ஆனால் அந்த மருந்து உடம்பின் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும். முட்டிக்குள் கிருமி இருக்கும்போது கொடுக்க முடியாது. கிருமி முழுசாகப் போகும் வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

மாதக்கணக்கில் காத்திருந்தோம். அந்த மாதங்களில்தான் அவள் விரல்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. என் கண் முன்னால்தான் நடந்தது. கால் தப்பியது. ஆனால் வலது முட்டி மடங்கவே இல்லை. இன்றைக்கும் நீட்டியபடிதான் நிற்கிறது. மோட்டாரில் காலை மடக்கி வைக்க முடியாது, கையால் பிரேக்கைப் பிடிக்க முடியாது. வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினோம். விற்கச் சொன்னேன். வேண்டாம் என்றாள்.

சால்வை

லைனுக்குத் திரும்பி வந்ததும் அஞ்சலை எல்லாரிடமும் ஒரே கதையைச் சொன்னாள். முட்டியில் வாதம், ஆஸ்பத்திரியில் திறந்து கழுவினார்கள். அவ்வளவுதான். திலக்குக்குத் தெரியும். அவனும் வாயைத் திறக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகும்போது அஞ்சலையின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். என்னிடம் கை மட்டும் கொடுத்தான்.

நான் பிளேடைத் தொடவில்லை. கால் வீங்கி யார் வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன். என்ன ஏது என்று தெரியாதவர்கள், மணிக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்றார்கள். வேறு சிலர், வயதாகிவிட்டது, பாவம் என்றார்கள். உண்மை என்ன என்று ஒருவருக்கும் தெரியாது. என் பெயரில் ஒரு கீறல் விழவில்லை.

அதற்கு அடுத்த வருஷமோ, அதற்கு அடுத்ததோ, கோயில் திருவிழாவில் கோயில் தலைவர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். இந்தத் தோட்டத்துக்கு இவ்வளவு காலம் இலவசமாக வைத்தியம் பார்த்த கைராசிக்காரர் என்று ஒலிபெருக்கியில் சொல்லி, மஞ்சள் சால்வை போர்த்தினார். ஜனங்கள் கைதட்டினார்கள். பெண்கள் பக்கம் முன்வரிசையில் நாற்காலி போட்டு அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். வலது கால் நேராக நீண்டிருந்தது. அவளும் கைதட்டினாள். கோணிய விரல்கள் ஒன்றோடொன்று சரியாகப் படவில்லை.

நான் சால்வையை வாங்கிக்கொண்டு இறங்கினேன். அதைவிடக் கேவலமான ஒரு காரியத்தை என் வாழ்க்கையில் நான் செய்ததில்லை.

அஞ்சலை என்னைக் கரித்துக் கொட்டியதில்லை. ஒரே ஒரு முறை, சோறு குழைந்துவிட்டது என்று நான் எரிந்து விழுந்தபோது, அகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "மொதல்ல எங்காலை மடக்கிக் குடுங்க. அப்புறம் சோத்தைப் பத்திப் பேசுவோம்." அன்றிலிருந்து சோறு நான்தான் வடிக்கிறேன்.

வாசித்துக் காட்டினேன்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்குக்குப் போகிறோம். ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர். பழைய குறிப்பைப் படித்துவிட்டு ஒவ்வொருத்தரும் கேட்பார்கள். "ஏம்மா சொந்தமா வெட்டிக்கிட்டீங்க?" ஒவ்வொரு முறையும் அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டு, தெரியாம செஞ்சுட்டேன் டாக்டர் என்பாள். நான் பக்கத்தில் மருந்துப் பையோடு உட்கார்ந்திருப்பேன். இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் அவளைத் திட்டியிருப்பார்கள்.

போன முறை ஒரு சின்ன வயசுத் தமிழ்ப் பெண் டாக்டர். அவளும் அதே கேள்வியைக் கேட்டாள். அஞ்சலை தலையைக் குனிந்தாள். என்னால் முடியவில்லை.

"அவ இல்ல டாக்டர். நாந்தான் வெட்டினேன்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினாள். "சரிங்க ஐயா" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் போய் இத்தனை வருஷம்.

பஸ் ஏறித் திரும்பினோம். பிரிஞ்சாங் தாண்டியதும் கேட்டேன். "அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்ன?"

"போலீசுன்னு போயிருவாங்களோன்னு பயந்தேன்" என்றாள். பிறகு, "நீங்க சொல்லுவீங்கன்னுதான் மொதல்ல பாத்தேன். சொல்லல. அதான் நான் சொன்னேன்" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் விடவில்லை. "டாக்டருக்குச் சொல்லியாச்சு. சால்வை போட்ட ஊருக்கு?"

அதனால்தான் இந்த வாரம் இதை எழுதினேன். ஒவ்வொரு வாரமும் அனுப்புவதற்கு முன்னால் அஞ்சலைக்கு வாசித்துக் காட்டுவது வழக்கம். அவளால் தாளைப் பிடிக்க முடியாது. இன்று காலையும் அதே அடுப்படி வாசல்படியில் உட்கார்ந்து முதலிலிருந்து வாசித்தேன். சால்வை வரைக்கும் கேட்டாள். பிறகு, "அந்த வெட்டின எடத்தைத் திரும்பப் படிங்க" என்றாள்.

படித்தேன். வழக்கம்போல பிளேடை நெருப்பில் காட்டி, ஆறவிட்டு.

"காட்டலீங்க" என்றாள்.

"என்ன?"

"காஸ் இல்லையே அன்னைக்கு. நீங்கதான் மேல எழுதியிருக்கீங்க. சாமி மேடையிலேருந்து தீப்பெட்டி எடுத்தீங்க. மழையில நமுத்துப்போயி இருந்துச்சு. மூணு தடவ ஒரசினீங்க, பத்தல. திலக்கிட்ட கேளுங்கன்னேன். பிளேடைக் கைலியில தொடைச்சிட்டு வெட்டினீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சோற்றுக்கு உலை வைத்தாயிற்றா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

எனக்கு ஞாபகம் இல்லை என்று சொல்லத்தான் வாய் போனது. இத்தனை வருஷமாக அந்த நெருப்பை நானே என் மனசுக்குள் மூட்டி வைத்திருந்தேன் போலிருக்கிறது. ஆனால் அவள் தீப்பெட்டி என்றதும், கட்டைவிரலில் ஒட்டிய ஈர மருந்தின் பிசுபிசுப்பு வந்துவிட்டது. ஞாபகம் இருக்கிறது.

அந்த வரியை அடிப்பதற்குப் பேனாவை எடுத்தேன். பிறகு அடிக்கவில்லை. நான் எப்படிப்பட்ட ஆள் என்று தெரிவதற்கு அது மேலே அப்படியே இருக்கட்டும். உண்மையை இங்கே எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் பிளேடை நெருப்பில் காட்டவில்லை.